பாட்டிலுக்குள் மல்லிகை, பெட்டிமேல் உண்மை: வெளிநாட்டுக்கு சென்ட் அனுப்புவது எப்படி?

கேள்வி:

ஐயா, நான் மதுரைக்குப் பக்கத்தில் வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறையில் மல்லிகை சென்ட் தயாரிக்கிறேன். உரிமம், ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண் எல்லாம் வாங்கிவிட்டேன். சிங்கப்பூரில் ஒரு கடைக்காரர் 50 மில்லி ஸ்ப்ரே பாட்டில் 40 கேட்டிருக்கிறார். மாதிரிக்கு 6 பாட்டில்களைக் கூரியரில் அனுப்பினேன். சென்னையில் எக்ஸ்ரேயில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மல்லிகை எண்ணெய் விற்றவர் கொடுத்த பாதுகாப்புத் தாளையும் இணைத்திருந்தேன். அதில் தீப்பற்றும் பொருள் இல்லை என்றுதான் இருக்கிறது. கூரியர் முகவரோ, "அடுத்த தடவை எசென்ஷியல் ஆயில் என்று எழுதிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அப்படிச் செய்யலாமா? எப்படிப் பேக் செய்வது, என்ன லேபிள் ஒட்டுவது? லண்டனில் இருக்கும் பெரியம்மா மகளுக்கும் நாலு பாட்டில் அனுப்ப வேண்டும்.

பதில்:

சகோதரி, முதலில் அந்த முகவரின் யோசனையைத் தள்ளிவையுங்கள். அவர் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. விமானச் சரக்கோடு போகும் ஏர்வே பில் என்ற சீட்டிலும் இன்வாய்சிலும் அனுப்புநர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும், சரக்கைப் பற்றிச் சொன்னதெல்லாம் உங்கள் பொறுப்பு. பொய்யாக எழுதிய பெட்டி ஒரு தடவை தப்பித்துப் போகலாம். பத்தாவது தடவை மாட்டினால், அதற்கு முன் நேர்மையாக அனுப்பியவற்றையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

விமானச் சரக்கில் பல வருடம் ஆபத்தான சரக்குகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவன் நான். ஒரு கோடைக் காலக் காலையில் கிடங்குக்குள் நுழைந்ததுமே நல்ல வாசனை வந்தது. எல்லாரும் ரசித்துக்கொண்டே தேடினோம். ஆயத்த ஆடைகள் அடுக்கிய ஒரு பேலட்டின் நடுவில், 'அழகு சாதனப் பொருள்' என்று மட்டும் எழுதிய ஒரு அட்டைப்பெட்டி. அடிப்பக்கம் நனைந்து முகவரித் தாளின் மை கரைந்து வழிந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு 100 மில்லி பாட்டிலின் கழுத்து தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஸ்பிரிட் ஆவி நிறைந்த அந்த இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேலட்டைப் பிரித்துத் தனியே வைத்தார்கள், யாரோ ஒருவருடைய ஆடைகள் அன்றைய விமானத்தைத் தவறவிட்டன. பெட்டிமேல் உண்மை எழுதியிருந்தால் அதை அங்கே அடுக்கியிருக்கவே மாட்டோம். தூக்குகிறவனுக்குப் பெட்டிக்குள் இருப்பது தெரியாது. நீங்கள் மேலே எழுதியதை நம்பித்தான் அவன் கை வைக்கிறான்.

அடுத்து, உங்கள் பாதுகாப்புத் தாள். குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. நீங்கள் இணைத்தது மல்லிகை அப்சல்யூட்டுக்கான, அதாவது பூவிலிருந்து எடுத்த செறிவான வாசனை எண்ணெய்க்கான தாள். அது தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை, அதாவது ஃபிளாஷ் பாயின்ட், உயர்வானது. ஆனால் பாட்டிலில் இருப்பது அப்சல்யூட் மட்டும் இல்லையே. 80 சதவீதம் எத்தனால், அதாவது ஸ்பிரிட், சேர்த்திருப்பதாகக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சுத்தமான எத்தனாலின் ஃபிளாஷ் பாயின்ட் சுமார் 13 டிகிரி செல்சியஸ். 80 சதவீதக் கலவையும் 23 டிகிரிக்குக் கீழேதான் நிற்கும். மதுரையில் மார்கழி விடியற்காலையில் இருக்கிற வெப்பமே அதன் ஆவி தீப்பிடிக்கப் போதும்.

சரக்கு விதிப்படி, மூடிய கிண்ணச் சோதனையில் ஃபிளாஷ் பாயின்ட் 60 டிகிரியோ அதற்குக் குறைவோ இருந்தால் அது வகுப்பு 3, தீப்பற்றும் திரவம். 23 டிகிரிக்குக் கீழே இருந்து, கொதிநிலை 35 டிகிரிக்கு மேல் இருந்தால், ஆபத்தின் அளவைக் காட்டும் பேக்கிங் குரூப் என்ற பிரிவில் இரண்டு. 23 முதல் 60 வரை என்றால் மூன்று. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், ஆக உங்கள் சென்ட் இரண்டாவது குரூப். இதற்கு உலகம் முழுக்க ஒரே அடையாளம்தான்: யு.என். (ஐ.நா. எண்) 1266, பர்ஃப்யூமரி புராடக்ட்ஸ். எனவே உங்கள் கலவையின் பெயரிலேயே பாதுகாப்புத் தாள் தயாராக வேண்டும். அதில் 9ஆவது பிரிவில் ஃபிளாஷ் பாயின்டும், 14ஆவது பிரிவில் போக்குவரத்து வகைப்பாடும் இருக்கும். சரக்கு ஏஜென்ட் முதலில் புரட்டுவது அந்த 14ஆவது பிரிவைத்தான். ஒரு நல்ல ஆய்வகத்தில் ஃபிளாஷ் பாயின்ட் சோதித்து வாங்கிவிடுங்கள், அந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம்.

ஸ்பிரிட் சேர்க்காத அத்தர் என்றால் கதை வேறு. சந்தன எண்ணெயோ டிப்ரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானோ அடிப்படையாக இருந்தால் பெரும்பாலும் வகுப்பு 3க்குள் வராது. அதற்காக எண்ணெய் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் நிறைந்திருக்கும் லிமோனீனின் ஃபிளாஷ் பாயின்ட் 48 டிகிரிதான். அதுவும் தீப்பற்றும் திரவமே. முகவர் சொன்ன 'எசென்ஷியல் ஆயில்' என்ற பெயர் உங்களைக் காப்பாற்றாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எந்த வழியில் அனுப்புவது?

தபாலில் முடியாது. சர்வதேசத் தபாலில் தீப்பற்றும் திரவத்துக்கு இடமில்லை. சாதாரணக் கூரியர் கவுன்டரிலும் முடியாது. பெரிய கூரியர் நிறுவனங்கள் இந்த வகைச் சரக்கை முன் ஒப்பந்தம் போட்ட வாடிக்கையாளர்களிடம் மட்டுமே வாங்குகின்றன. ஆபத்தான சரக்கில் பயிற்சி பெற்ற ஆள் வைத்திருக்கும் சரக்கு ஏஜென்டைப் பிடியுங்கள். இந்த வேலையில் பயிற்சி சும்மா ஒரு சான்றிதழ் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்புத்தகத்தின் புதிய பதிப்பு ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் நடைமுறைக்கு வருகிறது, பயிற்சியை 24 மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பேக் செய்வது நீங்களே என்றால் நீங்களும் அந்தப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

விமானத்தில் உங்களுக்கு உள்ள வழிகளைப் பாட்டில் அளவை வைத்தே சொல்கிறேன், அதுதான் எளிது.

கடைக்காரருக்கு வாசனை காட்ட மட்டும் என்றால் 1 மில்லி குப்பிகளில் அனுப்புங்கள். ஒரு குப்பி 1 மில்லிக்குள்ளும், மொத்தப் பெட்டி 100 மில்லிக்குள்ளும் இருந்து, உறிஞ்சும் பொருளோடு ஒழுங்காகப் பேக் செய்திருந்தால், மிகச் சிறு அளவு என்று விதியே பெரும்பாலான நிபந்தனைகளிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனாலும் ஏஜென்டிடம் உள்ளதைச் சொல்லியே கொடுங்கள்.

அடுத்தது, 30 மில்லி பாட்டில். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பேக்கிங் குரூப் இரண்டில் உள்ள சென்ட்டை, ஒரு பாட்டில் 30 மில்லிக்கும் ஒரு பெட்டி 500 மில்லிக்கும் மிகாமல், 'எக்ஸெப்டட் குவாண்டிட்டி' என்ற சலுகையில் அனுப்பலாம். பெட்டிக்கு 16 பாட்டில், மொத்தம் 480 மில்லி. இதற்கு ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன் என்ற, ஆபத்தான சரக்கைப் பற்றி அனுப்புநர் எழுதித் தரும் நீண்ட படிவம் வேண்டாம். ஏர்வே பில்லில் குறிப்பு எழுதி, சாய்கோடு போட்ட கரையுள்ள 100க்கு 100 மில்லிமீட்டர் முத்திரையைப் பெட்டிமேல் ஒட்டி, அதற்குள் வகுப்பு எண் 3ஐ எழுதினால் போதும். அடுத்த தடவை பாட்டில் வாங்கும்போது 30 மில்லி வாங்குங்கள் என்று நான் சொல்வதன் கணக்கு இதுதான்.

இப்போது கையில் இருப்பது 50 மில்லி. அதற்கு 'லிமிடெட் குவாண்டிட்டி' வழி. பேக்கிங் அறிவுறுத்தல் ஒய் 341, ஒரு பெட்டிக்கு 1 லிட்டர் வரை. 20 பாட்டில் வைத்தால் சரியாக 1 லிட்டர், ஆக 40 பாட்டிலுக்கு இரண்டு பெட்டி. இதற்கு டிக்ளரேஷன் கண்டிப்பாக வேண்டும். இடவலம் சிவப்புச் சாய்கோடு போட்ட தாள், நீங்களே கையெழுத்துப் போட வேண்டும். சில விமான நிறுவனங்கள் லிமிடெட் குவாண்டிட்டியை ஏற்பதே இல்லை. ஆகவே எந்த விமானத்தில் இடம் பிடிக்கிறார்கள் என்று ஏஜென்டிடம் முதலிலேயே கேளுங்கள்.

அப்படி ஏற்காத விமானம்தான் கிடைக்கிறது என்றால், ஐ.நா. தரச் சோதனையில் தேறிய பெட்டி வாங்க வேண்டும். பயணிகள் விமானத்தில் அப்படிப்பட்ட ஒரு பெட்டியில் 5 லிட்டர் வரை போகலாம். அதன்மேல் அச்சிட்டிருக்கும் குறியில் 4ஜி என்றால் அட்டைப்பெட்டி, அடுத்து வரும் ஒய் என்றால் பேக்கிங் குரூப் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஏற்றது. சோதனை, சான்றிதழ் பற்றிய சந்தேகங்களுக்குச் சென்னையில் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் கிளை இருக்கிறது. வியாபாரம் பெருகி நூற்றுக்கணக்கில் ஆர்டர் வரும்போது தூத்துக்குடி வழியாகக் கப்பலையும் யோசியுங்கள். கடல் விதியில் லிமிடெட் குவாண்டிட்டிக்குப் பெட்டியின் மொத்த எடை 30 கிலோ வரை இருக்கலாம், ஆக ஒரே பெட்டியில் நிறையப் பாட்டில் கொள்ளும்.

இனி பேக்கிங். என் அனுபவத்தில் அலட்சியம் அதிகம் நடப்பது பாட்டிலின் கழுத்தில்தான். கசிவும் அங்கேதான் தொடங்குகிறது. விமானத்தின் சரக்கறையில் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போலக் குறைந்துவிடும். கீழே 101 கிலோபாஸ்கல் இருப்பது 75 அளவுக்கு இறங்கும். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று வெளியேறத் தள்ளும். அதனால்தான் உங்கள் வகைத் திரவத்துக்கு 95 கிலோபாஸ்கல் அழுத்த வித்தியாசத்தைக் கசியாமல் தாங்கும் பாட்டிலை விதி கேட்கிறது. பாட்டில் விற்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லிச் சோதனை அறிக்கை கேளுங்கள். திருகும் மூடியைவிட, பம்ப்பைக் கழுத்தில் அழுத்தி மடக்கிப் பூட்டும் கிரிம்ப் வகை நம்பகமானது. மேலே வைக்கும் அழகு மூடியைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள், அது கசிவைத் தடுக்காது.

கழுத்துவரை நிரப்பவும் கூடாது. எத்தனால் வெப்பத்தில் நன்றாக விரியும். 25 டிகிரியில் நிரப்பிய 50 மில்லி, வெயிலில் நிற்கும் லாரிக்குள் 55 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய ஒன்றரை மில்லி கூடிவிடும். 55 டிகிரியிலும் பாட்டிலுக்குள் காலி இடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி.

நிரப்பி முடித்ததும் நான் சொல்லிக் கொடுக்கும் ஒரு சின்னச் சோதனை: நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சிறு தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டிலையும் எடை போட்டு, வெள்ளை டிஷ்யூ பேப்பர்மேல் படுக்கவைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் பேப்பரில் கறை இருக்கிறதா பாருங்கள், மறுபடி எடை போடுங்கள். ஸ்பிரிட் கறை காய்ந்துவிடும், ஆனால் மல்லிகை எண்ணெய் மஞ்சளாக ஒரு வளையம் விட்டுவைக்கும். தராசு முள்ளும் பொய் சொல்லாது. எடை குறைந்த பாட்டிலை உள்ளூரில் விற்றுக்கொள்ளலாம், விமானத்துக்கு அனுப்பாதீர்கள்.

தேறிய பாட்டிலின் பம்ப் அழுந்தாமல் மூடி போட்டு, மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் டேப் சுற்றுங்கள். தனித்தனியாகக் கெட்டியான ஜிப் கவரில் போட்டு, அட்டைத் தடுப்புகள் உள்ள உள்பெட்டியில் நிறுத்துங்கள். கண்ணாடியும் கண்ணாடியும் எங்கேயும் தொடக் கூடாது. உள்ளே உறிஞ்சும் விரிப்பு வைக்க வேண்டும், எல்லாப் பாட்டிலும் உடைந்தாலும் முழுவதையும் குடித்துவிடும் அளவுக்கு. பபுள் ராப் அடியைத் தாங்கும், ஆனால் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது. இதைத் தவறாக நினைப்பவர்கள் நிறையப் பேர்.

மரத்தூள் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். 1973 நவம்பர் 3 அன்று பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிளம்பியது. அதில் நைட்ரிக் அமில பாட்டில்களை மரத்தூளில் புதைத்துப் பேக் செய்திருந்தார்கள். வழியில் புகை கிளம்பியது. பாஸ்டனில் இறக்க முயன்றபோது விமானம் விழுந்து, அதில் இருந்த 3 ஊழியர்களும் இறந்தார்கள். கசிந்த அமிலம் மரத்தூளோடு வினைபுரிந்ததுதான் புகைக்குக் காரணமாக இருக்கும் என்று விசாரணையில் கருதினார்கள். உங்கள் சென்ட் அமிலம் இல்லைதான். ஆனாலும் எதை எதோடு வைக்கிறோம் என்று யோசிக்காமல் கைக்குக் கிடைத்ததைத் திணிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். உறிஞ்சும் விரிப்பு விலை அதிகமில்லை, அதையே வாங்குங்கள்.

வெளிப்பெட்டி புதிதாக, ஐந்து அடுக்கு அட்டையில் இருக்கட்டும். ஆன்லைனில் ஏதோ வாங்கியபோது வந்த பழைய பெட்டி வேண்டாம். அட்டை ஒரு தடவை நசுங்கினால் பலம் குறைந்துவிடும், பழைய குறிகளும் குழப்பும். லிமிடெட் குவாண்டிட்டிப் பெட்டி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், எக்ஸெப்டட் என்றால் 1.8 மீட்டர். இரண்டுக்குமே 3 மீட்டர் உயரம் அடுக்கிய பாரத்தை 24 மணி நேரம் தாங்க வேண்டும். பெட்டி 20 சென்டிமீட்டர் உயரம், 3 கிலோ எடை என்று வையுங்கள். 3 மீட்டருக்கு மேலே இன்னும் 14 பெட்டி வரும், அதாவது 42 கிலோ. ஒரு பலகையைப் பரப்பி, 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை ஏற்றிவைத்தால் அதற்கும் மேலேயே சோதித்துவிடலாம்.

வெளியே ஒட்டுவதற்கு வருவோம். லிமிடெட் குவாண்டிட்டி என்றால் பெட்டியில் இவை வேண்டும்: யு.என். 1266 என்ற எண், பர்ஃப்யூமரி புராடக்ட்ஸ் என்ற பெயர் ஆங்கிலத்தில், உங்கள் முழு முகவரி, வாங்குபவர் முழு முகவரி, தீச்சுடர் படம் போட்ட சிவப்பு வைர வடிவ வகுப்பு 3 லேபிள், பிறகு மேல்முனையும் கீழ்முனையும் கறுப்பாக, நடுவில் ஒய் எழுத்து உள்ள வைர வடிவக் குறி. ஒய் இல்லாத அதே குறி சாலைக்கும் கடலுக்கும் உரியது. அதை விமானத்துக்கு ஒட்டி வருகிறவர்கள் அடிக்கடி திரும்பிப் போகிறார்கள். வகுப்பு 3 லேபிளும் ஒய் குறியும் 100 மில்லிமீட்டர் அளவு, ஆகவே அவற்றை மடக்காமல் ஒட்ட இடம் இருக்கும்படி பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் பாதி, பக்கத்தில் பாதி என்று மடித்து ஒட்டினால் ஏற்க மாட்டார்கள். டேப் ஒட்டும்போது எழுத்தை மறைத்துவிடாதீர்கள். விற்பனைக்கான படம், விளம்பர ஸ்டிக்கர் எதுவும் இந்தப் பக்கத்தில் வேண்டாம்.

இதுவரை சொன்னது பயணத்துக்கான லேபிள். பாட்டிலின்மேல் இருக்க வேண்டியது வேறு, அதை ஏஜென்ட் பார்த்துத் தர மாட்டார். சிங்கப்பூரில் விற்கும் முன் அங்குள்ள நிறுவனம், அதாவது உங்கள் கடைக்காரர், சுகாதார அறிவியல் ஆணையத்தில் இந்தப் பொருளை அறிவிக்க வேண்டும். அவர் செய்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டே பெட்டியை அனுப்புங்கள். லேபிளில் சேர்மானங்கள், தயாரித்த நாடு, பேட்ச் எண், அங்கே பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயர் முகவரி எல்லாம் வேண்டும். பின்னாளில் ஐரோப்பாவுக்குப் போக நினைத்தால் இன்னும் கடுமை. உடலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஒவ்வாமை தரும் வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லிப் போட வேண்டும். மல்லிகையில் இயல்பாகவே உள்ள பென்சைல் பென்சோயேட், லினலூல் போன்றவை அந்தப் பட்டியலில் வருகின்றன. 'இயற்கைப் பூவிலிருந்து எடுத்தது' என்பதால் விலக்கு கிடையாது. இன்வாய்சில் சுங்கக் குறியீடு 3303, வாசனைத் திரவம் என்றே இருக்கட்டும். டிக்ளரேஷனில் ஒன்று, இன்வாய்சில் வேறொன்று என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

லண்டன் பெரியம்மா மகளுக்கு நாலு பாட்டில்தானே. அதற்கு இவ்வளவும் வேண்டாம். யாராவது லண்டனுக்குப் போகும்போது கொடுத்தனுப்புங்கள். பயணி ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கான ஒப்பனைப் பொருள்களாக, ஒவ்வொன்றும் அரை லிட்டருக்கு மிகாமல், மொத்தம் 2 லிட்டர் வரை கொண்டுபோக விதி இடம் தருகிறது. 50 மில்லி பாட்டில்களைச் செக்-இன் பெட்டியில், துணிகளுக்கு நடுவே, ஜிப் கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: கடைக்காரர் ஆர்டரை இந்த வழியில் நாலு பேரிடம் பிரித்துக் கொடுத்தனுப்பலாம் என்ற எண்ணம் வர வேண்டாம். அது விற்பனைச் சரக்கு.

சிங்கப்பூர்க்காரர் அவசரப்படுத்தினாலும் உங்கள் கலவைக்கான பாதுகாப்புத் தாள் கைக்கு வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குள் ஒரு வேலை செய்யலாம். 20 காலி பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, அசல் போலவே பேக் செய்து, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் ஐந்து தடவை போடுங்கள்: அடிப்பக்கம் ஒரு தடவை, மேல்பக்கம் ஒரு தடவை, நீளப் பக்கம், குட்டைப் பக்கம், கடைசியாக ஒரு மூலை. பெரும்பாலும் அந்த மூலையில்தான் தெரியவரும். பிரித்துப் பார்த்து எது உடைந்தது, எது நனைந்தது என்று படம் எடுத்து அனுப்புங்கள். தடுப்பை மாற்றுவதா, பெட்டியை மாற்றுவதா என்று பார்த்துச் சொல்கிறேன்.